ஹூக் இல்லாத வாசல்: ஸ்கைடைவிங் கற்கப் போன ஒரு காற்றாலைத் தொழிலாளி பற்றிய நிகழ்வு ஆய்வு

டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை காலை. துபாய்க்கு வெளியே, பாலைவனத்தில் ஒரு ஸ்கைடைவிங் பயிற்சித் தளம். விமானம் 13,000 அடிக்கு ஏறிவிட்டது. கதவைத் திறந்தாயிற்று, பச்சை விளக்கும் எரிந்தாயிற்று. இரண்டு பக்கமும் இரண்டு பயிற்சியாளர்கள் பிடித்திருக்க, நடுவில் என் தங்கச்சி மகன். வாசலைத் தாண்டுவது ஒன்றுதான் பாக்கி. அவன் வலது கை வாசலுக்கு மேலே இருந்த கம்பியைப் பிடித்தது. பிடித்தது பிடித்ததுதான். தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டினான். பின்னால் காத்திருந்தவர்கள் ஒதுங்கி முன்னால் வந்து குதித்துப் போனார்கள். அவனும் இரண்டு பயிற்சியாளர்களும் விமானத்திலேயே தரைக்குத் திரும்பினார்கள்.

உயரத்தைக் கண்டு பயப்படுகிற பையனாக இருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவன் பணகுடிக்கும் ராதாபுரத்துக்கும் நடுவே உள்ள காற்றாலைகளில் நாலு வருஷம் ஏறி இறங்கியவன். 80 மீட்டர் டவரின் உச்சியில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி ஆடிக் காற்று அடிக்கிற அடியில், நாசெல் என்கிற இயந்திரக் கூண்டின் மேல்மூடியைத் திறந்து வெளியே உட்கார்ந்து வேலை பார்த்தவன். துபாய் போன பிறகு கயிற்றில் தொங்கிக் கட்டடங்களின் கண்ணாடியைத் துடைப்பதும் பழுது பார்ப்பதும் மூன்று வருஷமாக அவன் தொழில். அப்படிப்பட்டவனுடைய கை அன்றைக்கு ஏன் கம்பியை விடவில்லை என்பதுதான் இந்த ஆய்வு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஸ்கைடைவிங் செய்தவன் இல்லை, மனநல மருத்துவனும் இல்லை. 22 வருஷம் டவர் ஏறிவிட்டு, முழங்கால் போன பிறகு, உயரத்தில் வேலை பார்க்கிற பையன்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறேன். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றி, முத்து என்று வைத்துக்கொள்கிறேன்.

நடந்தது

அக்டோபரில் அவன் முதலில் செய்தது டேண்டம் குதிப்பு. அதாவது பயிற்சியாளரின் முன்பக்கத்தில் மாணவனைச் சேர்த்துக் கட்டி, ஒரே பாராசூட்டில் இரண்டு பேரும் இறங்குவது. அதில் பயமே இல்லை என்றான். போனில் அவன் குரலைக் கேட்டால் சாமிகொண்டாடி இறங்கி வந்தது மாதிரி இருந்தது. "பறவ மாதிரி இருந்துச்சு மாமா, வயித்துல ஒண்ணுமே செய்யல." சம்பளத்தில் மிச்சம் பிடித்து அடுத்த கட்டத்துக்குப் பணம் கட்டினான்.

அடுத்த கட்டத்துக்கு ஏஎஃப்எஃப் என்று பெயர். இதில் மாணவன் முதுகில் அவனுடைய பாராசூட்டையே சுமக்கிறான். ஒரு நாள் முழுக்கத் தரையில் வகுப்பு. விழும்போது இடுப்பை முன்னே தள்ளி உடம்பை வில்லாக வளைப்பது, மணிக்கட்டில் உள்ள உயரமானியை விடாமல் பார்ப்பது, 5,500 அடியில் தன் கையாலேயே பாராசூட்டை விரிப்பது, விரிந்தது சரியில்லை என்றால் என்ன செய்வது, எல்லாம் சொல்லிக்கொடுத்துப் பரீட்சையும் வைப்பார்கள். முதல் குதிப்பில் இரண்டு பயிற்சியாளர்கள் மாணவனைப் பிடித்தபடி கூடவே விழுவார்கள். 13,000 அடியிலிருந்து 5,500 அடி வரை விழ ஏறக்குறைய முக்கால் நிமிடம். முத்து வகுப்பில் எல்லாவற்றிலும் தேறினான். வாசலில்தான் நின்றுபோனான்.

தளத்தில் யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. குதிக்க மனசில்லாமல் விமானத்தோடு இறங்குவது அங்கே குற்றமே இல்லையாம். 'விமானம் எப்படியும் கீழே வரத்தானே போகிறது' என்று ஒரு பயிற்சியாளர் சொன்னாராம். ஆனால் நம் ஊர்ப் பையனுக்கு அது போதவில்லை. அறையில் கூட இருப்பவர்களிடம் "இன்னைக்குக் காத்து சரியில்லைன்னு எறக்கிட்டாவ" என்று பொய் சொன்னான். ரெண்டு வாரம் ராத்திரித் தூக்கம் இல்லை. தை மாதம் பொங்கலுக்கு லீவில் வந்தவன், கரும்பு வெட்டுகிற இடத்தில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னான்.

நான் செய்த தப்புகள்

முதல் வேலையாக அவனுக்குப் புள்ளிவிவரம் சொன்னேன். அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டில் சுமார் 36.5 லட்சம் குதிப்புகள் நடந்தன, இறந்தவர்கள் 10 பேர் என்று அங்குள்ள பாராசூட் சங்கத்தின் கணக்கைக் காட்டினேன். "வள்ளியூர்ல இருந்து நெல்லைக்கு நாலுவழிச் சாலையில பைக்ல போறியே, அதைவிடவா?" என்று கேட்டேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு இது தெரியும் மாமா. என் கைக்குத்தான் தெரியல" என்றான். அந்த வார்த்தையை அப்போதே பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

அடுத்து, தெரிந்த ஒரு தளத்தில் அனுமதி வாங்கி அவனை டவரில் ஏற்றினேன். சும்மா படி ஏறுகிற மாதிரி ஏறி, உச்சியிலிருந்து கை ஆட்டிவிட்டு வந்தான். பயமே இல்லாத இடத்தில் பயத்துக்கு மருந்து கொடுத்த கதைதான். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து போனில் பாராசூட் கோளாறு வீடியோக்களாகப் பார்த்தோம். எதெல்லாம் நடக்கலாம் என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்பது என் எண்ணம். அன்று ராத்திரி அவன் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்ததுதான் மிச்சம்.

மருந்துக் கடை வைத்திருக்கிற சிநேகிதர் ஒருவர், "ஒரு மாத்திரை தாரேன் அண்ணாச்சி, படபடப்பே இருக்காது" என்றார். அதை மட்டும் சரியாக மறுத்தேன். படபடப்பை அடக்குகிற மாத்திரை கண்ணையும் கையையும் மந்தமாக்கினால், 5,500 அடியில் கைப்பிடியைத் தேட வேண்டியவன் என்ன செய்வான்? பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போய் இருதயத்தைப் பார்த்தோம். குறை ஒன்றும் இல்லை. வீட்டில், பஸ்ஸில், கூட்டத்தில் இப்படிப் படபடப்பு வருமா என்று கேட்டார். இல்லை என்றான். வந்தால் அது வேறு விஷயம், மறுபடி வரணும் என்று சொல்லி அனுப்பினார்.

டிராக்டர் டிரெய்லரில் கிடைத்த விடை

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம். வீட்டு முற்றத்தில் டிராக்டர் டிரெய்லர் நின்றது. "வாசல்ல எப்படி நின்னேன்னு செஞ்சு காட்டுல" என்றேன். டிரெய்லரின் பின்விளிம்பில் ஏறி நின்றான். ஒரு பக்கம் நான், மறுபக்கம் என் மகன், பயிற்சியாளர்கள் மாதிரி தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டோம். கண்ணை மூடி விமானத்தை நினைத்துக்கொள் என்றேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அவன் வலது கை மெல்ல இடுப்புக்கு வந்து, அங்கே எதையோ தடவியது. பிறகு நெஞ்சுக்குப் போனது. மறுபடி இடுப்புக்கு.

"என்னத்தல தேடுத?"

கண்ணைத் திறந்தவன் தன் கையையே பார்த்தான். சிரித்துவிட்டான். "ஹூக்க மாமா."

அதன் பிறகு அவனாகவே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டேண்டத்துல நாலு ஹூக் மாட்டுனாவ. தோள்ல ரெண்டு, இடுப்புல ரெண்டு. க்ளிக்குன்னு சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே இல்ல. இதுல யாரும் எதையும் மாட்டல. பிடிச்சுக்கிட்டு மட்டும் நிக்காவ."

டவர் வேலை தெரியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். உயரத்தில் ஏறுகிறவன் உடம்போடு மாட்டிக்கொள்கிற வார்க்கட்டுக்கு ஹார்னெஸ் என்று பெயர். அதிலிருந்து லேன்யார்டு என்கிற வார் இரண்டாகப் பிரிந்து, இரண்டு முனையிலும் ஹூக்கோடு இருக்கும். முதல் நாள் பாடம் இதுதான்: ஒன்றை மாட்டாமல் இன்னொன்றைக் கழற்றாதே. நகரும்போதும், உட்காரும்போதும், மூக்கைச் சொறியும்போதும் ஒரு ஹூக் மாட்டியபடியே இருக்க வேண்டும். இதை மூளைக்குச் சொன்னால் போதாது என்று கைக்கே சொல்லிக்கொடுப்போம். ஆயிரம் தடவை, இரண்டாயிரம் தடவை. பையன் தூக்கத்தில் எழுப்பினாலும் கை முதலில் ஹூக்கைத் தேடினால்தான் அவனை மேலே அனுப்புவேன். முத்துவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஆக, விமான வாசலில் அவன் கை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. ஹூக் மாட்டாத வாசலில் ஆளை வெளியே விடக் கூடாது என்று ஏழு வருஷமாகப் பழகிய கை, விடவில்லை. அதைக் கோழைத்தனம் என்று அவன் மனசு திட்டிக்கொண்டிருந்தது. ஊரில் தெரிந்திருந்தால் ஊரும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

பாராசூட்டை எங்கள் பாஷையில் சொல்லிப் பார்த்தோம்

அடுத்த நாள் காகிதத்தில் படம் போட்டு உட்கார்ந்தோம். முதுகுப் பைக்குள் இரண்டு பாராசூட்: ஒன்று முதன்மை, ஒன்று மாற்று. இரண்டும் ஏற்கெனவே ஹார்னெஸ்ஸோடு இணைந்தவை. 'அப்ப, ரெண்டு ஹூக்கும் தரையிலயே மாட்டியாச்சு' என்று அவனே சொன்னான். மூன்றாவதாக ஒரு சின்னக் கருவி உண்டு. மாணவன் மயங்கியோ குழம்பியோ எதையுமே இழுக்காமல் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், ஏறக்குறைய 750 அடியில் அது தானாகவே மாற்றுப் பாராசூட்டை விடுவிக்கும். ஜெர்மனியில் ஹெல்முட் க்ளோத் உருவாக்கிய சைப்ரஸ் என்கிற கருவி 1991இல் வந்தது. ஸ்கைடைவிங்கில் இந்த வகைக் கருவி பரவலானது அதன் பிறகுதான். டவர் ஏணியில் எங்களோடு கூடவே ஏறி, சறுக்கினால் கவ்விப் பிடிக்கிற ஃபால் அரெஸ்டர் மாதிரி என்று அவனுக்குப் புரிந்தது. முகம் தெளிந்தது.

எனக்குத்தான் திடுக்கென்றது. ஒரு இடத்தில் இந்த ஒப்புமை உதைக்கிறது. அதுவும் ஆளைக் கொல்லக்கூடிய இடம்.

முதன்மைப் பாராசூட் கோளாறாக விரிந்து, சரிசெய்ய முடியாது என்றால், முதலில் வலப்பக்கம் உள்ள சிவப்புக் கைப்பிடியை இழுத்து அதை அறுத்து விட்டுவிட வேண்டும். அதன் பிறகுதான் இடப்பக்கத்து வெள்ளிக் கைப்பிடியை இழுத்து மாற்றை விரிக்க வேண்டும். முதன்மையை அறுத்து விடாமல் மாற்றை விரித்தால் இரண்டும் சிக்கிக்கொள்ளலாம். அதாவது, ஒன்றைக் கழற்றிவிட்டுத்தான் இன்னொன்றை மாட்ட வேண்டும். எங்கள் தொழிலின் முதல் பாடத்துக்கு நேர் எதிர். முத்துவின் கை அந்த நேரத்தில் என்ன செய்யும்? கிழிந்த பாராசூட்டானாலும் மேலே ஏதோ ஒன்று பிடித்திருக்கிறதே என்று அதையே பற்றிக்கொண்டிருக்கும். மாணவர்களுக்கு இந்த முடிவை எடுக்க எல்லை 2,500 அடி. அதற்குக் கீழே யோசிக்க நேரம் கிடையாது.

அதனால் வாசல் பயத்தைவிட இதற்கே அதிக நாள் கொடுத்தேன். முற்றத்து வேப்பமரக் கிளையில் அவனுடைய பழைய ஹார்னெஸ்ஸைக் கட்டித் தொங்கவிட்டோம். வலது நெஞ்சில் சிவப்பு ரிப்பன். இடது பக்கம் தங்கச்சி வீட்டுத் தூக்குவாளியின் கம்பி, அது வெள்ளிக் கைப்பிடி. நான் கீழே நின்று "நல்லா விரிஞ்சிருக்கு", "ஒரு பக்கம் சுருட்டிக்கிச்சு", "கயிறு முறுக்கிக்கிச்சு" என்று மாற்றி மாற்றிக் கத்துவேன். அவன் பார்க்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும், சிவப்பு, பிறகு வெள்ளி. முதல் நாள் பத்தில் ஆறு தடவை வெள்ளிக்குத்தான் கை முதலில் போனது. நான் பயந்தது சரி. லீவு முடிவதற்குள் முந்நூறு தடவைக்கு மேல் செய்திருப்பான். இதன் சரியான முறையைத் தளத்துப் பயிற்சியாளரிடம் தொங்கியே மறுபடி செய்து காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். வேப்பமரத்துப் பாடம் பள்ளிக்கூடம் ஆகாது. தங்கச்சிக்கு இது எதுவும் தெரியாது. "ஏண்ணே, வேப்பமரத்துல ஊஞ்சலா கட்டியிருக்கிய?" என்று கேட்டாள்.

கிணறு

இனி எழுதப்போவது எனக்குச் சங்கடமானது.

எங்கள் பக்கத்தில் பையன்களுக்கு நீச்சல் பழக்குவது தெரியும்தானே. இடுப்பில் சுரைக்குடுக்கையோ ஐந்து லிட்டர் கேனோ கட்டிக் கிணற்றில் இறக்குவார்கள். நாலாம் நாள், ஐந்தாம் நாள் அதைக் கழற்றிவிட்டு, பின்னாலிருந்து ஒரு தள்ளு. முத்துவுக்கு ஒன்பது வயதில் அந்தத் தள்ளு தள்ளியவன் நான். சொல்லாமல் கொள்ளாமல் தள்ளினேன். விழுகிற வழியில் மோட்டார் குழாயைப் பிடித்தான். குழாய்க் கிளாம்பு உள்ளங்கையைக் கிழித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நீச்சலைப் பிறகு படிக்கட்டு வழியாக இறங்கித் தானே கற்றுக்கொண்டான். ஆனால் கிணற்று மேட்டிலிருந்து அவன் குதித்து யாரும் பார்த்ததில்லை.

அந்தத் தள்ளுக்கும் விமான வாசலுக்கும் நேர்கோடு போட நான் தயாராக இல்லை. சின்ன வயசில் நடந்ததிலேயே எல்லாவற்றுக்கும் காரணம் தேடுகிற பழக்கம் இப்போது ரொம்பப் பெருத்துவிட்டது. கேட்டதற்கு அவனும், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல மாமா, அன்னைக்கு வீட்டுக்குப் போய் பரோட்டா வாங்கித் தந்திய, அதுதான் ஞாபகம் இருக்கு" என்றான். இருக்கட்டும். ஆனால் ஹூக் இல்லாமல், தானாக, ஒரு விளிம்பை விட்டுப் போகிற பழக்கம் அவன் உடம்பில் இல்லவே இல்லை. அதைப் பழக்க எங்கள் தோட்டத்துக் கிணற்றைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. கல் கட்டிய கயிறு விட்டு ஆழம் பார்த்தோம்: மேட்டிலிருந்து தண்ணீர் 15 அடி, தண்ணீர் ஆழம் 22 அடி. குழாய்ப் பக்கம் போகாத மூலையாகத் தேர்ந்தோம். லாரி டியூபும் கயிறும் கையோடு இருந்தன. யாரும் தள்ளக் கூடாது, யாரும் ஒன்று, இரண்டு எண்ணக் கூடாது, வேண்டாம் என்று படி வழியாக இறங்கினால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று பேசிக்கொண்டோம்.

முதல் நாள் நாற்பது நிமிடம் நின்றான், குதிக்கவில்லை. ஆனால் நின்றுகொண்டே தன் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் சொல்லச் சொன்னேன். எட்டில் ஆரம்பித்தான். ஒன்பது. மறுபடி எட்டு. அரைமணி நேரம் கழித்து, ஒன்றுமே செய்யாமல், ஐந்து. ஓடிப்போகாமல் நின்றால் பயம் தானாகவே இறங்குகிறது என்பதை அவன் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாள் குதித்தான். ஒரு நொடிகூட ஆகாது அந்த 15 அடிக்கு. தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர் அளவில் இருக்கும். மேலே வந்தவன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான், சந்தோஷத்தில்.

மூன்றாம் நாள் விதியை மாற்றினேன். நிற்பது கிணற்றில் செல்லும், விமானத்தில் செல்லாது. பச்சை விளக்குக்குப் பிறகு வாசலில் நின்று பயம் ஐந்துக்கு இறங்கட்டும் என்று காத்திருந்தால், இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போகும். ஆகவே பத்தடி தள்ளி நின்று மூச்சை நிதானப்படுத்திக்கொள்வது, அதாவது நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது. பிறகு நடந்து வந்து, விளிம்பில் நிற்காமல், தன் எண்ணிக்கையோடு போய்விடுவது. பயிற்சியில் வாசலில் சொல்கிற எண்ணிக்கையை அவன் தமிழாக்கிக்கொண்டான். உள்ளே இருக்கிற பயிற்சியாளரைப் பார்த்து "உள்ள!", வெளியே நிற்பவரைப் பார்த்து "வெளிய!", பிறகு உடம்பை அசைத்து "மேல, கீழ, போ!" சத்தமாகச் சொல்ல வேண்டும். பயந்தவன் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்வான், கத்தினால் மூச்சு வெளியே போய்த்தான் ஆக வேண்டும். ஐந்து நாளில் எழுபது, எண்பது தடவை குதித்தான். பக்கத்துத் தோட்டத்தார், "துபாய்க்காரனுக்குக் கோட்டி பிடிச்சிட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பயம் எப்போது உச்சிக்கு வர வேண்டும்

ஊருக்குப் போகுமுன் ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுத்தேன். தூங்கி எழும்போது, தளத்துக்குப் போனதும், பையை மாட்டும்போது, விமானத்தில் ஏறும்போது, 6,000 அடியில், கதவு திறக்கும்போது என்று ஆறு இடத்தில் மதிப்பெண் போட வேண்டும்.

காரணம் இருக்கிறது. வால்டர் ஃபென்ஸ், சீமோர் எப்ஸ்டீன் என்கிற இரண்டு உளவியலாளர்கள் பாராசூட் குதிப்பவர்களின் இருதயத் துடிப்பு, மூச்சு, தோலின் மின்கடத்தல் மூன்றையும் அளந்து 1967இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புதியவர்களுக்குப் படபடப்பு ஏறிக்கொண்டே போய் குதிக்கிற நேரத்தில் உச்சத்தில் நின்றது. அனுபவசாலிகளுக்கும் ஏறியது, ஆனால் முன்கூட்டியே ஏறி, குதிக்கிற நேரத்துக்குள் இறங்கிவிட்டது. நான் இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பக்கத்துச் சாமியாடிகளான கோமரத்தாடிகள் ஞாபகம் வந்தது. சுடலை கொடையில் புதுசாக ஆடுகிறவனுக்கு வேட்டைக்குப் புறப்படுகிற நேரத்தில்தான் கைகால் உதறும். பழைய ஆளுக்கு மத்தியானமே உதறி முடிந்திருக்கும். ராத்திரி தீப்பந்தத்தைக் கையில் வாங்கும்போது முகம் கல் மாதிரி இருக்கும்.

இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன். ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் செய்த ஆய்வில், பாடவோ பேசவோ போகுமுன் 'அமைதியாக இரு' என்று தனக்குச் சொல்லிக்கொண்டவர்களைவிட 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். நெஞ்சு அடிக்கிற வேகத்தில் அதை நிறுத்தப் பார்ப்பதைவிட, அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம். முத்து இதை ஏற்கவில்லை. "பயத்தப் பயம்னு சொன்னாதான் மாமா எனக்கு நிம்மதியா இருக்கு" என்றான். விட்டுவிட்டேன். எல்லா மருந்தும் எல்லாருக்கும் இல்லை.

பிப்ரவரியிலிருந்து

முதல் குதிப்பு நடந்தது. நோட்டில் எழுதியிருந்தது: எழுந்தபோது ஏழு, பையை மாட்டும்போது எட்டு, 6,000 அடியில் ஒன்பது, கதவு திறந்ததும் ஒன்பது. அதாவது பயம் குறையவே இல்லை. ஒன்பதோடுதான் "போ!" என்று கத்திப் போயிருக்கிறான். ஒன்பதாக இருக்கும்போதும் கை விடும் என்பதுதான் அவனுக்குப் புதுசு. கீழே போகும்போது கிணற்றில் வந்தது மாதிரி வயிறு மேலே ஏறவில்லையாம். ஏறாது. கிணற்று மேட்டில் நாம் நின்ற இடத்திலிருந்து விழுகிறோம். விமானம் ஏற்கெனவே முன்னோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருப்பதால், வாசலை விட்டதுமே எதிர்காற்று உடம்பைத் தாங்கிக்கொள்கிறது. பத்துப் பன்னிரண்டு நொடியில் வேகம் மணிக்கு 190, 200 கிலோமீட்டருக்கு வந்து அதற்கு மேல் ஏறாது. விழுவது மாதிரி இல்லை, பலமான காற்றின் மேல் படுத்திருப்பது மாதிரி இருந்தது என்றான். காற்றாலைக்காரனுக்குக் காற்று தெரியாதா.

மூன்றாம் நிலையில் சறுக்கினான். அதில் பயிற்சியாளர்கள் முதன்முறையாகக் கையை எடுப்பார்கள். எடுத்ததும் இவன் கைகள் இரண்டும் முஷ்டியாக மூடிக்கொண்டன, கால் மடங்கிவிட்டது, உடம்பு இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு பயிற்சியாளர் முன்னால் வந்து இரண்டு விரலை நீட்டிக் காட்டினார், காலை நீட்டு என்று. பிறகு கையை உதறிக் காட்டினார், தளர்ந்து இரு என்று. ஒன்றும் ஏறவில்லை. மறுபடி பிடித்து நிறுத்தினார்கள். அந்த நிலை தேறவில்லை. வீடியோவைப் பார்த்தவன் எனக்கு அனுப்பினான். அந்த முஷ்டியை எனக்குத் தெரியும். எதையோ பிடித்திருக்கிற கை அது, உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும். கீழிருந்து காற்று அடிக்கிற கண்ணாடிக் குழாய்க்குள், விண்ட் டனலில், பத்து நிமிடம் பறந்து பார்த்தான். விரலை விரித்து வைப்பதைத் தவிர வேறெதையும் கவனிக்காதே என்றார்களாம். அடுத்த தடவை தேறினான்.

பதினான்காம் குதிப்பில் பாராசூட் விரிந்தபோது கயிறுகள் முறுக்கிக்கொண்டன. மேலே பார்த்திருக்கிறான், உயரமானியைப் பார்த்திருக்கிறான், கயிற்றுக் கற்றைகளை இரண்டு பக்கமும் விலக்கி, சைக்கிள் மிதிப்பது மாதிரி காலை உதைத்து முறுக்கைப் பிரித்திருக்கிறான். 4,000 அடியில் எல்லாம் சரி. "கை நேரா சிவப்புக்குப் போயிருச்சு மாமா, பிடிச்சு வச்சிருந்தேன், இழுக்கல" என்றான். வெள்ளிக்குப் போகவில்லை என்பதைத்தான் நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நடுக்கம் அவனுக்குத் தரையில், டீ குடிக்கும்போது வந்ததாம்.

நோட்டில் உச்சி மெல்ல இடம் மாறியிருக்கிறது. பத்தாவது குதிப்புக்குப் பிறகு பையை மாட்டும்போது எட்டு, கதவில் ஆறு. இருபதுக்குப் பக்கத்தில், காலையில் எழும்போதே ஏழு, கதவில் நாலு. சைபர் என்று ஒரு நாளும் எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் கவலைப்பட்டிருப்பேன். டவரில் பயமே இல்லை என்கிற பையன்களை நான் மேலே அனுப்புவதில்லை.

பயம் போயே போய்விட்டது என்று நினைத்திருந்த நேரத்தில் இன்னொரு தடவை கம்பியைப் பிடித்தான். அமெரிக்கச் சங்கத்தின் முதல் உரிமத்துக்குக் குறைந்தது 25 குதிப்புகள் வேண்டும். அதற்குள், தாழ்ந்த உயரத்தில் வெளியேறி உடனே பாராசூட்டை விரிக்கிற குதிப்புகளும் உண்டு: 5,500 அடியில் ஒன்று, 3,500 அடியில் ஒன்று. 13,000 அடியில் தரை வரைபடம் மாதிரிதான் தெரியும். அது உயரம் என்றே கண்ணுக்கு உறைக்காது. 3,500 அடியில் கார் தெரிகிறது, ரோடு தெரிகிறது, ரோட்டில் ஓடுகிற கார் நகர்வது தெரிகிறது. டவரில் இருந்து பார்க்கிற பார்வைக்கு அது கிட்ட வந்துவிடுகிறது. பழைய கை எழுந்துவிட்டது. இந்தத் தடவை அறையில் பொய் சொல்லவில்லை. "பயமா இருந்துச்சு, எறங்கிட்டேன்" என்றானாம், கூட இருந்த மானாமதுரைப் பையன் "சரி, சாப்டியா?" என்றானாம். அடுத்த வாரம் போய் முடித்தான்.

இப்போதைய நிலை

உரிமம் கையில் இருக்கிறது. டவர் பழக்கம் கெட்டுவிடுமோ என்பது என் பயம். ஒரே கைக்கு இரண்டு எதிரெதிர்ப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். வேலைக்குக் கயிற்றில் இறங்குகிற நாளுக்கு முந்தின நாள் குதிக்கப் போகக் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறான். வேலையில் ஒவ்வொரு ஹூக் மாட்டும்போதும் வாயால் "மாட்டியாச்சு" என்று சொல்கிறான். மேஸ்திரி சிரிக்கிறாராம். போதுமா என்பது எனக்கு இன்னும் தீராத கேள்வி, அதனால் மாதம் ஒரு தடவை போனில் கேட்கிறேன். தங்கச்சிக்குக் கடைசியில் வீடியோவைக் காட்டினான். முழுக்கப் பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "கயிறு கட்டியிருந்தியாய்யா?"

இந்தப் பொங்கலுக்கும் வந்திருந்தான். என் பேரனுக்கு ஏழு வயது. கேன் கட்டி நீந்துகிறான். கேனைக் கழற்றிவிட்டுக் கிணற்று மேட்டில் வந்து நின்றான். முத்து கீழே தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தான். நான் பம்புசெட்டு ரூம் திண்ணையில் உட்கார்ந்து என் கையை என் முட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

"மாமா, பசிக்கி" என்றான் பேரன்.

"சரி, வா சாப்பிடுவோம்" என்று முத்து படியேறி வந்தான்.